இன்னும் இரண்டு லட்சம் பேரை அனுப்பினால் போதுமா?

1964 மே 27. அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், தன் பழைய சிநேகிதரும் ஜார்ஜியா மாநில செனட்டருமான ரிச்சர்ட் ரஸ்ஸலிடம் போனில் பேசுகிறார். ஜான்சன் தன் தொலைபேசிப் பேச்சுகளைத் தானே ரகசியமாகப் பதிவு செய்து வைத்தவர். அந்த நாடாக்கள் பல வருடம் கழித்து வெளியிடப்பட்டன, இப்போது யார் வேண்டுமானாலும் இணையத்தில் கேட்கலாம். உலகத்திலேயே பலமான ராணுவத்தின் தலைவர் பேசுகிற மாதிரியே இருக்காது. கழுத்தளவு கடனில் மாட்டிக்கொண்ட குடும்பஸ்தர் ஒருவர் நம்பிக்கையான நண்பரிடம் புலம்புகிற குரல் அது. வியட்நாமை என்ன செய்வது என்று கேட்கிறார். ரஸ்ஸல், நான் பார்த்ததிலேயே மோசமான சிக்கல் இது என்கிறார். வீட்டில் தன்னிடம் வேலை செய்யும் ஒரு சார்ஜென்ட்டைப் பற்றி ஜான்சன் சொல்கிறார். அந்த மனிதருக்கு ஆறு பிள்ளைகள். படையை அனுப்புவது பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்த ஆறு பிள்ளைகளின் அப்பாவைத்தான் நினைத்துப் பார்க்கிறேன் என்கிறார். அதே நாளில் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியிடம் இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்: அந்த இடம் சண்டை போடும் அளவுக்குப் பெறுமானம் உள்ளதாகத் தெரியவில்லை, ஆனால் நாம் வெளியே வர முடியும் என்றும் தோன்றவில்லை.

கம்யூனிஸ்ட் வட வியட்நாமையும் அதன் பக்கம் நின்ற கெரில்லாக்களையும் எதிர்த்த தென் வியட்நாம் அரசுக்குத் துணையாக அன்றைக்கு அங்கே இருந்த அமெரிக்கர்கள் சுமார் 16,000 பேர், அதுவும் 'ஆலோசகர்கள்' என்ற பெயரில். இறந்தவர்கள் சில நூறு பேர். போர் முடிந்தபோது அந்தக் கணக்கு 58,000ஐத் தாண்டியிருந்தது. வியட்நாமியர்களின் சாவை யாராலும் சரியாக எண்ண முடியவில்லை. பொதுமக்களில் மட்டும் 20 லட்சம், போராளிகளில் 11 லட்சம் என்று வியட்நாம் அரசு 1995ல் அறிவித்தது. ஜெயிக்க முடியுமா என்ற சந்தேகம் ஆரம்பத்திலேயே, மேலிடத்திலேயே, அதுவும் அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் போரைப் பற்றி சாதாரணமாகப் பேச என்னால் முடியவில்லை.

வெளிநாட்டில் ஒரு போர் இழுத்துக்கொண்டே போகும்போது டிவி விவாதத்தில் இரண்டு கட்சி உட்காரும். இன்னும் பலமாக அடித்து முடித்துவிடு என்று ஒன்று, போதும் கிளம்பு என்று இன்னொன்று. நான் வியட்நாமைப் பற்றி எழுதக் காரணம், அங்கே மூடிய அறைக்குள் யார் என்ன பேசினார்கள் என்பது வேறெந்தப் போரையும்விட நமக்கு நன்றாகத் தெரியும். நாடாக்கள் இருக்கின்றன, குறிப்புகள் இருக்கின்றன, 1971ல் வெளியே வந்த பென்டகன் ஆவணங்கள், அதாவது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சகம் இந்தப் போரைப் பற்றித் தயாரித்த ரகசிய ஆய்வு, இருக்கின்றன. அவற்றைப் படித்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கும். வெளியேறலாம் என்று சொன்னவரிடம் நூறு கேள்வி கேட்டார்கள். கௌரவம் என்ன ஆகும், கூட்டாளிகள் என்ன நினைப்பார்கள், சீனா என்ன செய்யும், எல்லாவற்றுக்கும் அவர் பதில் வைத்திருக்க வேண்டும். இன்னும் ஆள் வேண்டும் என்று கேட்டவரிடம், சரி, அனுப்பினால் எப்போது முடியும் என்ற ஒரு கேள்விக்குக்கூட யாரும் பதில் வாங்கவில்லை. 1968 மார்ச் வரை.

ஜான்சனின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1949ல் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனபோது அன்றைய ஜனாதிபதி ட்ரூமன் 'சீனாவைத் தொலைத்துவிட்டார்' என்று எதிர்க்கட்சி கிழித்துத் தொங்கவிட்டதை அவர் செனட்டில் உட்கார்ந்து பார்த்தவர். தான் வியட்நாமைத் தொலைத்தால், கறுப்பர்களுக்கான வாக்குரிமைச் சட்டம், முதியோருக்கான மருத்துவக் காப்பீடு என்று தான் கட்ட நினைத்த எல்லாமே அதோடு போய்விடும் என்று நம்பினார். அந்தச் சட்டங்கள் நல்ல சட்டங்கள், அவற்றுக்காக அவர் பட்ட பாடும் உண்மை. ஆனால் அவற்றைக் காப்பாற்ற வேறொரு நாட்டில் உயிர்களைச் செலவழிக்கலாம் என்ற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

படிகள் ஒவ்வொன்றாக ஏறிய விதம்தான் கொடுமை. 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகச் செய்தி. ஆகஸ்ட் 2ஆம் தேதி நடந்தது உண்மையான மோதல், 4ஆம் தேதி நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. அதை வைத்து ஜனாதிபதிக்கு வேண்டிய அதிகாரம் தரும் தீர்மானம் கீழ்ச்சபையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2 என்று நிறைவேறியது. 1965 பிப்ரவரியில் பிளெய்க்குவில் அமெரிக்க முகாம் தாக்கப்பட்டது, மார்ச்சில் வட வியட்நாம் மேல் தொடர் குண்டுவீச்சு ஆரம்பித்தது. குண்டு போட விமானம் வேண்டும், விமானத்துக்கு தளம் வேண்டும், தளத்துக்கு காவல் வேண்டும். அதனால் மார்ச் 8ஆம் தேதி டா நாங் கடற்கரையில் 3,500 மரைன் வீரர்கள் இறங்கினார்கள். காவலுக்கு வந்தவர்கள் வேலிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் அடி வாங்கிக்கொண்டேதான் இருக்க வேண்டும், அதனால் ரோந்து போக அனுமதி கேட்டார்கள், கிடைத்தது. ஒவ்வொரு படியும் முந்தின படிக்கு நியாயமான தொடர்ச்சியாகத்தான் தெரிந்தது. ஜூன் மாதம் வியட்நாமில் அமெரிக்கப் படைகளின் தளபதி வெஸ்ட்மோர்லேண்ட் மொத்தம் 44 பட்டாலியன் கேட்டார்.

அந்த நேரத்தில் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தவர் ஜார்ஜ் பால். வெளியுறவுத் துறையில் இரண்டாம் இடத்தில் இருந்தவர், அமைதிவாதி ஒன்றும் கிடையாது. இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில் ஜெர்மனி மேல் போட்ட குண்டுகள் என்ன சாதித்தன என்று ஆராய்ந்த அமெரிக்கக் குழுவின் இயக்குநர்களில் ஒருவர். பிரெஞ்சு அரசாங்கத்தோடு வக்கீலாக வேலை பார்த்தவர், அதனால் பிரான்ஸ் இதே வியட்நாமில் 1954ல் எப்படித் தோற்றது என்பதும், தோற்பதற்கு முந்தின வருடங்களில் பாரிஸில் என்னென்ன நம்பிக்கை வார்த்தைகள் பேசினார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். 1965 ஜூலை 1ஆம் தேதி ஜனாதிபதிக்கு அவர் எழுதிய குறிப்பின் சாரம் இதுதான்: நம் வீரர்கள் பெரிய அளவில் சாக ஆரம்பித்துவிட்டால் பிறகு திரும்ப முடியாது, அவமானப்படாமல் நிறுத்தவும் முடியாது, அந்த அளவுக்கு விலை கொடுத்த பிறகும் கிடைக்கப்போவது வெற்றியைவிட அவமானமாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஜூலை 21ஆம் தேதி வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் ஜான்சன் அவரிடம் நேராகவே கேட்டார். நாம் வெளியேறினால் அமெரிக்கா காகிதப் புலி என்று எல்லா நாடும் சொல்லாதா? பால் சொன்ன பதில்: இல்லை, உலகத்தின் மிகப் பெரிய வல்லரசால் கொஞ்சம் கெரில்லாக்களைத் தோற்கடிக்க முடியவில்லை என்று தெரிவதுதான் அதைவிடப் பெரிய அடி. அறையில் இருந்த மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவரை மறுத்தார்கள். சைகோனுக்குத் தூதராகப் போகவிருந்த ஹென்றி காபட் லாட்ஜ், 1938ல் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்துப் போட்ட மியூனிக் ஒப்பந்தத்தை இழுத்தார். கவனித்துப் பாருங்கள், விவாதம் முழுக்க பாலின் யோசனையைப் பற்றித்தான். அனுப்பப் போகிற படை என்ன செய்யும், எத்தனை வருடம், எது நடந்தால் வெற்றி என்று சொல்வோம் என்பதற்கு அந்த அளவு குடைச்சல் இல்லை. 'எதிர்வாதம் பேசுவதற்கென்றே ஒருவர்' என்று பாலுக்கு ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாத் தரப்பையும் கேட்டாயிற்று என்று மனசாட்சிக்குச் சொல்லிக்கொள்ள அவர் உதவினார், அவ்வளவுதான்.

பென்டகன் ஆவணங்களில் எனக்கு மறக்க முடியாத தாள் ஒன்று உண்டு. பாதுகாப்பு அமைச்சர் மக்னமாராவின் உதவியாளர் ஜான் மக்நாட்டன் 1965 மார்ச்சில் எழுதிய வரைவு. நாம் ஏன் வியட்நாமில் இருக்கிறோம் என்பதை சதவீதம் போட்டு எழுதியிருக்கிறார். அமெரிக்காவுக்கு அவமானகரமான தோல்வி வராமல் தடுக்க 70 சதவீதம். தென் வியட்நாம் நிலத்தைச் சீனாவின் கையில் போகாமல் காக்க 20 சதவீதம். தென் வியட்நாம் மக்கள் நல்லபடியாக, சுதந்திரமாக வாழ 10 சதவீதம். மார்ச் 1965 என்பது மரைன்கள் கரையிறங்கிய அதே மாதம். வெளியே மேடையில் பேசினதெல்லாம் அந்தப் பத்து சதவீதத்தைப் பற்றித்தான்.

அந்த 70 இருக்கிறதே, அது வளர்ந்துகொண்டே போகும் என்பதுதான் அதன் குணம். ஒரு வீரர்கூடச் சாகாதபோது கிளம்பினால் சின்ன அவமானம், ஆயிரம் பேர் செத்த பிறகு கிளம்பினால் அந்த ஆயிரம் பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே மேலும் ஆயிரம். இதை முதலிலேயே தடுத்து நிறுத்தியிருக்க வேண்டியவர்கள் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் படித்தவர்கள்.

ஜூலை 28ஆம் தேதி பகல் நேரத்தில் ஒரு சாதாரண பத்திரிகையாளர் சந்திப்பில் ஜான்சன் அறிவித்தார்: படை 75,000லிருந்து 1,25,000ஆக உயரும், தேவைப்பட்டால் மேலும். ரிசர்வ் படையைக் கூப்பிடவில்லை, வரி போடவில்லை, போர் என்று ஊரைக் கூட்டவும் இல்லை. முழுப் போருக்கும் போகாமல், வெளியேறவும் செய்யாமல், நடுவில் ஒரு வழி. நிதானமான ஆட்கள் எப்போதும் நடு வழியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று நமக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. இந்த விஷயத்தில் நடு வழிதான் அதிகம் பேரைக் கொன்றது என்பது என் கருத்து. ஒவ்வொரு முறையும் தோற்காமல் இருக்கப் போதுமான அளவு, ஜெயிக்கப் போதாத அளவு. 1965 முடிவில் 1,84,000. 1966 முடிவில் 3,85,000. 1967 முடிவில் 4,85,000.

ஏன் ஆள் கூட்டியும் ஒன்றும் ஆகவில்லை என்பதற்குப் பென்டகனுக்குள்ளேயே பதில் இருந்தது. வெஸ்ட்மோர்லேண்டின் திட்டம் தேய்மானப் போர். எதிரி புதிதாகச் சேர்க்கிற ஆளைவிட நாம் கொல்கிற ஆள் அதிகமாகிவிட்டால் ஒரு கட்டத்தில் எதிரி ஓய்ந்துவிடுவான் என்ற கணக்கு. அதனால்தான் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் பிணங்களை எண்ணி மேலே அனுப்பினார்கள், எண்ணிக்கை கூடினால் பதவி உயர்வு என்ற நிலைமையும் வந்தது. ஆனால் அமைச்சகத்தின் பகுப்பாய்வுப் பிரிவில் உட்கார்ந்து சண்டை அறிக்கைகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான மோதல்களை ஆரம்பித்தது எதிர்த் தரப்பு. எப்போது அடிக்க வேண்டும், எப்போது காட்டுக்குள் மறைய வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்தார்கள். அப்படியென்றால் தங்கள் பக்கம் எத்தனை பேர் சாக வேண்டும் என்பதையும் அவர்கள்தான் முடிவு செய்தார்கள். இன்னும் ஒரு லட்சம் அமெரிக்கர் வந்தாலும் அது மாறாது. வட வியட்நாமில் வருடத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் இளைஞர்கள் படைக்குச் சேரும் வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். குண்டுவீச்சும் அப்படித்தான். விவசாய நாடு, ஆயுதம் வெளியிலிருந்து வருகிறது, பாதை உடைந்தால் ராத்திரியே மூங்கிலும் கூடையுமாக ஊரே வந்து சரிசெய்கிறது.

மக்னமாராவுக்கு இது தெரிந்துவிட்டது. 1967 நவம்பர் 1ஆம் தேதி ஜான்சனுக்கு ஒரு குறிப்பு எழுதினார், படையை இதற்கு மேல் கூட்ட வேண்டாம், குண்டுவீச்சை நிறுத்துங்கள் என்று. அந்த மாத முடிவுக்குள் அவர் உலக வங்கிக்குப் போகிறார் என்ற செய்தி வந்தது. போனவர் வெளியே ஒரு வார்த்தை பேசவில்லை. 1995ல்தான், நாங்கள் செய்தது தவறு, பயங்கரமான தவறு என்று எழுதினார். அவர் வாயைத் திறக்காத அந்த வருடங்களில் செத்தவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. விசுவாசம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். யாருக்கு விசுவாசம்?

1968 ஜனவரி கடைசியில் டெட் பண்டிகை, வியட்நாமியப் புத்தாண்டு. தென் வியட்நாமில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஒரே சமயத்தில் தாக்குதல். சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே கெரில்லாக்கள் புகுந்துவிட்டார்கள். ராணுவக் கணக்கில் பார்த்தால் தாக்கியவர்களுக்குத்தான் பலத்த சேதம், தெற்கிலிருந்த வியட்காங் கெரில்லா அமைப்பு அதன் பிறகு பழைய பலத்துக்கு வரவே இல்லை. ஆகவே, எதிரி அடிபட்டுக் கிடக்கிறான், இப்போது ஆள் கூட்டினால் முடித்துவிடலாம் என்று தளபதிகள் சொன்னதைச் சும்மா வெறிப் பேச்சு என்று தள்ள முடியாது. முப்படைத் தலைவர் வீலர் சைகோன் போய் வந்து ஒரு எண்ணோடு திரும்பினார்: இன்னும் 2,06,000 பேர்.

மார்ச் 1ஆம் தேதி புதிய பாதுகாப்பு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் கிளார்க் கிளிஃபோர்ட். வாஷிங்டனின் பெரிய வக்கீல், ஜான்சனின் நண்பர். 1965ல் படை அனுப்ப வேண்டாம் என்று தனிப்பட்ட முறையில் சொன்னவர்தான், ஆனால் முடிவு எடுத்த பிறகு, சரி, இனி ஜெயிக்கத்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றவர். அதை நம்பித்தான் ஜான்சன் அவரைக் கொண்டுவந்தார். கிளிஃபோர்டின் மனதில் மட்டும் ஒரு முள் இருந்தது. 1967 கோடையில் ஆசிய, பசிபிக் நாடுகளுக்குப் போய் வியட்நாமுக்கு ஆள் கேட்டு வந்தார். வியட்நாம் விழுந்தால் வரிசையாக எல்லா நாடும் விழும் என்று அமெரிக்கா சொல்லிக்கொண்டிருந்தது அல்லவா, அந்த வரிசையில் நிற்கிற நாடுகள். யாருக்கும் அவசரம் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் 70,000 பேரை வெளிநாட்டுக்கு அனுப்பிய நியூசிலாந்து வியட்நாமுக்கு அனுப்பியிருந்தது 500 பேரை. விழப்போகிறவர்களே பயப்படவில்லையென்றால் நாம் ஏன், என்ற கேள்வியோடு திரும்பியிருந்தார்.

இப்போது பென்டகனில் முப்படைத் தளபதிகளை எதிரில் உட்கார வைத்து நாள் கணக்கில் விசாரித்தார். இதை அடுத்த வருடமே அவர் கட்டுரையாக எழுதியிருக்கிறார். 2 லட்சம் பேர் அனுப்பினால் வேலை முடிந்துவிடுமா? உறுதி சொல்ல முடியாது. முடியாவிட்டால் இன்னும் எத்தனை பேர், எப்போது? தெரியாது. நாம் கூட்டினால் எதிரியும் கூட்டுவானா? முடியும், அநேகமாகக் கூட்டுவான். குண்டுவீச்சால் போரை நிறுத்த முடியுமா? அதனால் மட்டும் முடியாது. குண்டுவீச்சைக் கூட்டினால் நம் ஆட்கள் சாவது குறையுமா? மிகக் கொஞ்சம், குறைந்தால். தென் வியட்நாம் ராணுவம் எப்போது தானே பார்த்துக்கொள்ளும்? முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் எப்போது என்று தெரியாது. சரி, வெற்றிக்கு என்ன திட்டம்? வழக்கமான அர்த்தத்தில் வெற்றிக்கு என்று ஒரு திட்டம் கிடையாது. இத்தனை வருடம் அடித்ததில் எதிரியின் மன உறுதி குறைந்திருக்கிறதா? குறைந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

நான் இதைப் பல தடவை படித்துவிட்டேன். கேட்டதில் ஒன்றுகூட ராணுவப் படிப்பு தேவைப்படுகிற கேள்வி இல்லை. வீடு கட்ட காண்டிராக்டரிடம் பணம் கொடுக்கும் எவரும் கேட்கிற கேள்விகள். 1965ல் அதே அறைகளில் அதே கேள்விகளைக் கேட்டிருந்தால் அதே பதில்கள்தான் வந்திருக்கும், ஏனென்றால் அப்போதும் எவரிடமும் திட்டம் இல்லை. வித்தியாசம் ஒன்றுதான். 1965ல் பால் தன் பக்கத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1968ல் கிளிஃபோர்ட் நிரூபிக்கும் பொறுப்பைப் படை கேட்டவர்கள் தலையில் வைத்தார்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. மார்ச் 10ஆம் தேதி 2,06,000 என்ற எண் பத்திரிகையில் வெளியானது. இரண்டு நாள் கழித்து கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நியூ ஹாம்ப்ஷயர் முதற்கட்டத் தேர்தலில், ஜான்சனை எதிர்த்து அவர் கட்சியிலேயே நின்ற போர் எதிர்ப்பாளர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கினார். மார்ச் கடைசி வாரத்தில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் அச்செசன் முதலான மூத்த ஆலோசகர்கள், நான்கு மாதத்துக்கு முன் தொடருங்கள் என்று சொன்ன அதே ஆட்கள், பெரும்பாலோர் இது முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மார்ச் 31ஆம் தேதி இரவு ஜான்சன் டிவியில் வந்து குண்டுவீச்சைக் குறைப்பதாகவும், மறுபடி தேர்தலில் நிற்கப் போவதில்லை என்றும் அறிவித்தார்.

இந்த இடத்தோடு பலர் கதையை முடித்துவிடுகிறார்கள், அறிவு வந்துவிட்டது என்பது போல. போர் அதன் பிறகு ஏழு வருடம் நடந்தது. படை எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டதே 1969 ஏப்ரலில்தான், 5,43,000. 'கௌரவமான சமாதானம்' என்று சொல்லி அடுத்த ஜனாதிபதியாக வந்த நிக்சன் ஒரு கையால் படையைக் குறைத்துக்கொண்டே மறுகையால் கம்போடியா மேல் ரகசியமாகக் குண்டு போட்டார். அவர் பதவியேற்ற பிறகு மட்டும் 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். 1973 ஜனவரியில் கையெழுத்தான பாரிஸ் ஒப்பந்தத்தின்படி வட வியட்நாம் படைகள் தெற்கில் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அவர்களும் வெளியேற வேண்டும் என்பதுதான் நிக்சன் ஆரம்பத்தில் வைத்த நிபந்தனை. நான்கு வருடத்தில் அமெரிக்கா வாங்கியது, கிளம்புவதற்கும் சைகோன் விழுவதற்கும் நடுவில் ஒரு இரண்டு வருட இடைவெளி.

கௌரவப் பேச்சு அமெரிக்காவின் தனிச்சொத்து இல்லை. 1987ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை சில ஆயிரம் பேரில் ஆரம்பித்து 70,000ஐத் தாண்டியது. அமைதி காக்கப் போனது அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் போர் செய்தது, அங்கே செத்த ஜனங்களின் வீடுகளில் அந்த அக்டோபர் இன்னும் முடியவில்லை. நம் வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். 1989 ஜூனில் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா, ஜூலை 29க்குள் கிளம்புங்கள் என்று பகிரங்கமாகச் சொன்ன பிறகும், கூப்பிட்ட நாடே போகச் சொன்ன பிறகும், டெல்லி சம்மதிக்கவில்லை. கடைசிக் கப்பல் கிளம்பியது 1990 மார்ச் 24ல், அதுவும் ஆட்சி மாறிய பிறகு. அந்த எட்டு ஒன்பது மாதத்தில் எதைச் சாதித்தார்கள் என்று எனக்குச் சொல்லக்கூடிய ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

வெளியேறச் சொல்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. உங்களை நம்பியவர்கள் என்ன ஆவார்கள்? 1975க்குப் பிறகு லட்சக்கணக்கான தென் வியட்நாமியர்கள் 'மறு கல்வி' முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், சிலர் பத்து வருடத்துக்கும் மேல். படகேறித் தப்பியவர்களில் எத்தனையோ பேர் கடலோடு போனார்கள். சைகோனில் தலைமுறைகளாக இருந்த நம் செட்டியார்கள், காரைக்கால் புதுச்சேரிக்காரர்கள் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள் கட்டிய மாரியம்மன் கோவில் இன்றும் அங்கே இருக்கிறது, வியட்நாமியர்கள் வந்து கும்பிடுகிறார்கள். இந்தத் துயரத்தை வைத்து, பார்த்தீர்களா, இருந்திருக்க வேண்டும் என்று வாதாடுகிறார்கள். இன்னும் ஐந்து வருடம் இருந்திருந்தால் இவர்களில் ஒருவராவது காப்பாற்றப்பட்டிருப்பார் என்று கிளிஃபோர்டுக்குக் கிடைத்த பதில்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இவர்களைக் காப்பாற்ற ஒரே வழி, கூட அழைத்துப் போவது. அதற்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். திட்டம் போடுவதையே தோல்வி என்று நினைத்தார்கள்.

சைகோன் தூதரக வளாகத்தில் ஒரு பெரிய புளியமரம் இருந்தது. 1975 ஏப்ரலில் வடக்குப் படை நெருங்கிவிட்டது, பெரிய ஹெலிகாப்டர் இறங்க வேண்டுமானால் அந்த மரத்தை வெட்டியாக வேண்டும். தூதர் கிரஹாம் மார்ட்டின் கடைசி வரை அனுமதிக்கவில்லை, மரத்தை வெட்டினால் அமெரிக்கா கிளம்புகிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடும், பீதி கிளம்பும் என்று. அவர் வளர்த்த பையன் அந்தப் போரில் ஹெலிகாப்டர் ஓட்டி இறந்தவன், அவருக்கு அந்த முடிவு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று புரிகிறது. ஏப்ரல் 29 காலையில் விமான நிலையம் ராக்கெட்டில் அடிபட்டது, விமானம் ஓடாது. அதற்குப் பிறகுதான் மரம் வெட்டப்பட்டது. அன்று பகலும் இரவுமாக ஹெலிகாப்டரில் சுமார் 7,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். உங்களையும் கண்டிப்பாக ஏற்றிவிடுவோம் என்று வாக்குக் கொடுத்த 400க்கும் மேற்பட்டவர்களை அந்த வளாகத்திலேயே விட்டுவிட்டுக் கடைசி ஹெலிகாப்டர் போனது. 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்தில் ஜனங்கள் விமானத்தைப் பிடித்துத் தொங்கியதைப் பார்த்தபோது, வெளியேறியதன் விளைவு இது என்று எல்லோரும் எழுதினார்கள். வெளியேறுவதாகத் தாலிபானோடு அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது 2020 பிப்ரவரியில். கூட வேலை செய்த மொழிபெயர்ப்பாளர்களின் விசா மனுக்களை முடிக்க ஒன்றரை வருடம் இருந்தது.

டோங்கின் தீர்மானத்துக்கு எதிராக ஓட்டுப் போட்ட இரண்டு செனட்டர்கள், வெய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் க்ரூனிங்கும், 1968ல் தங்கள் இடங்களை இழந்தார்கள், அவர்கள் சொன்னது சரி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட அதே வருடம். பிறகு 1973ல் நிக்சனின் தடையையும் மீறி காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது: ஜனாதிபதி படையைப் போருக்கு அனுப்பினால் 48 மணி நேரத்தில் சொல்ல வேண்டும், 60 நாளில் காங்கிரஸ் ஒப்புதல் கிடைக்காவிட்டால் திரும்பக் கூப்பிட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு தடவை ஒப்புதல் கொடுத்துவிட்டால் போதும், அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அறிக்கை கொடுக்க வேண்டுமே தவிர, வருடா வருடம் திரும்ப வந்து புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. 2001 செப்டம்பர் 14ஆம் தேதி செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பொறுப்பானவர்கள் மேல் படையைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அனுமதி தரும் தீர்மானம் ஒன்று கீழ்ச்சபையில் 420க்கு 1 என்று நிறைவேறியது, எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவர்தான். ஆஃப்கானிஸ்தானில் 20 வருடப் போர் முழுக்க, 2009ல் ஒபாமா மேலும் 30,000 பேரை அனுப்புகிறேன், 2011 ஜூலையில் திரும்ப ஆரம்பிப்பார்கள் என்று ஒரே பேச்சில் இரண்டையும் அறிவித்தது உட்பட, அந்த ஒரே ஓட்டின் மேல்தான் நடந்தது.